ஒரே சர்வரில் இரண்டு பிஎச்பி: கேச் எங்கே பிரிகிறது, எங்கே கலக்கிறது

ஒரு சர்வரில் வலைத்தள நிரல்மொழியான பிஎச்பியின் 7.4, 8.3 என்ற இரண்டு பதிப்புகளும் சேர்ந்து ஓடினால், ஒன்றின் கேச் (மறுமுறை பயன்படுத்தச் சேமித்துவைத்தது) மற்றதோடு கலந்துவிடாதா? பழைய தளத்தை விடவும் முடியாமல், புதிய தளத்தைத் தள்ளிப்போடவும் முடியாமல் நிற்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கலக்காது. கலக்க வழியே இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களே, ஒரே 8.3-க்குள் பத்து வாடிக்கையாளர்களுக்குப் பத்து பூல் (பிஎச்பி ப்ராசஸ்களின் தனிக்குழு) போட்டுவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிக் கேச் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே தனிக் கேச் எதுவும் இல்லை. பத்துப் பேருக்கும் ஒன்றுதான். பயப்பட வேண்டாத இடத்தில் பயம், பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதி. இந்தத் தலைகீழ் எப்படி வருகிறது என்று புரிந்துகொள்ள, கேச் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில், இரண்டு பதிப்பு எதற்கு? பிஎச்பி 7.4 வெளியானது 2019 நவம்பர் 28-இல். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் சரியாக மூன்று ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பர் 28-இல் நின்றுவிட்டன. இடையில் 2020 நவம்பரில் வந்த 8.0, பழைய நிரல்கள் நம்பியிருந்த பல பொருள்களைத் தூக்கி எறிந்தது. ஈச், கிரியேட்-ஃபங்ஷன் போன்ற செயல்கூறுகள் போய்விட்டன. அவை இல்லையென்றால் பிழைச்செய்தி வரும், கண்டுபிடித்துவிடலாம். சத்தமில்லாமல் கழுத்தறுப்பது வேறொன்று: எண் பூஜ்யத்தையும் 'abc' போன்ற ஓர் எழுத்துச்சரத்தையும் இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 7.4-இல் சமம் என்று வரும், 8.0-இலிருந்து சமமில்லை என்று வரும். பிழையே காட்டாது. பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பில்லிங் மென்பொருளில் இப்படி எத்தனை வரிகள் இருக்கின்றன என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அது 7.4-இலேயே கிடக்கட்டும் என்று விடுகிறார்கள். பக்கத்தில் உள்ள புதிய தளத்துக்கோ 8.3 வேண்டும், உபுண்டு லினக்ஸ் 24.04 தானாகத் தருவதும் அதைத்தான்.

டெபியன், உபுண்டு வழியில் இரண்டையும் ஒன்றாக நிறுவுவது இப்போது பெரிய வேலையே இல்லை. டெபியனில் பிஎச்பி தொகுப்புகளைப் பராமரிக்கும் ஓன்ட்ரேய் சூரி நடத்துகிற களஞ்சியத்தைச் சேர்த்தால் 5.6 முதல் புதியது வரை எல்லாப் பதிப்புகளும் கிடைக்கும். ரெட்ஹாட் குடும்பத்தில் ரெமி கொலே இதே வேலையைச் செய்கிறார். ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அமைப்புக் கோப்புகள், தனி சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் அமைப்பு) சேவை, தனி சாக்கெட் (வலைச் சர்வர் பிஎச்பியோடு பேசும் வாசல்). என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரில் இந்தத் தளம் இந்தச் சாக்கெட்டுக்கு, அந்தத் தளம் அந்தச் சாக்கெட்டுக்கு என்று ஒரு வரி மாற்றினால் போதும். இன்னொரு வலைச் சர்வரான அப்பாச்சியில் 2.4.10-இலிருந்து இதே வசதி உண்டு.

சரி, கேச். பிஎச்பி ஒரு கோப்பை இயக்கும்போது அதை எழுத்தெழுத்தாகப் படித்து, இலக்கணம் பிரித்து, ஓப்கோடு எனப்படும் இடைநிலைக் கட்டளைகளாக மாற்றி, அதன்பிறகுதான் ஓட்டுகிறது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் இதை முதலிலிருந்து செய்வது வீண். மாற்றியதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் ஓப்கேச் செய்யும் வேலை. 2013-இல் வந்த 5.5 முதல் பிஎச்பியோடு சேர்ந்தே வருகிறது. 2025 நவம்பரில் வந்த 8.5-இல் அதைத் தனித் துணைநிரலாக ஏற்றும் வழக்கமே போய், மொழியின் கழற்ற முடியாத பகுதியாகிவிட்டது.

அந்த நினைவகத்தை யார் வாங்குகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிஎச்பி ப்ராசஸ்களை நிர்வகிக்கும் எஃப்பிஎம் சேவை தொடங்கும்போது முதலில் எழுவது மாஸ்டர் ப்ராசஸ். அது ஓப்கேசுக்காக ஒரு பெரிய துண்டு நினைவகத்தை இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்டு வாங்குகிறது. இயல்பு அளவு 128 எம்பி. வாங்கிய பிறகுதான் வேண்டுகோள்களைக் கவனிக்கும் வொர்க்கர்களைப் பெற்றெடுக்கிறது. ஃபோர்க் முறையில், அதாவது தாய் ப்ராசஸ் தன்னையே நகலெடுத்துப் பிறந்த பிள்ளைகள் ஆகையால் அந்த நினைவகத் துண்டு அவர்களுக்கும் அதே முகவரியில் தெரிகிறது. ஒரு வொர்க்கர் ஒரு கோப்பை மொழிமாற்றி உள்ளே வைத்தால் மற்ற எல்லா வொர்க்கர்களுக்கும் அது கிடைக்கும்.

இந்த நினைவகத்துக்குப் பெயர் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். லினக்ஸில் ஓப்கேச் வழக்கமாகப் பயன்படுத்துவது பெயரற்ற பகிர்வு நினைவகம். பெயர் இருந்தால் வேறொரு ப்ராசஸ் அந்தப் பெயரைச் சொல்லி உள்ளே நுழையலாம். பெயரே இல்லாதபோது பிறப்பால் மட்டுமே பங்கு. 7.4-இன் மாஸ்டரும் 8.3-இன் மாஸ்டரும் தனித்தனியாகப் பிறந்தவை. ஒன்றின் நினைவகத்தை மற்றது தொட ஒரு கதவும் இல்லை.

நம்பிக்கை இல்லையென்றால் நேரிலேயே பார்க்கலாம். ப்ராக் (/proc) ஃபோல்டருக்குள் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் மேப்ஸ் என்றொரு கோப்பு இருக்கும். 8.3 மாஸ்டரின் மேப்ஸைத் திறந்தால், பகிர்வுக்கு அடையாளமான எஸ் எழுத்தோடு, '/dev/zero (deleted)' என்ற குறிப்போடு சில வரிகள் வரும். அவற்றில் பெரியதுதான் ஓப்கேச். அந்த வரியில் உள்ள ஐநோடு எண்ணை (கெர்னல் தரும் அடையாள எண்) குறித்துக்கொண்டு ஒரு வொர்க்கரின் மேப்ஸைத் திறங்கள். அதே எண் இருக்கும். அப்புறம் 7.4 மாஸ்டரைப் பாருங்கள், எண் வேறு. பூல் பெயர் வேறாக இருந்தாலும், பயனர் வேறாக இருந்தாலும், 8.3-இன் கீழ் உள்ள எந்த வொர்க்கரிலும் முதலில் குறித்த அதே எண்தான் வரும். இந்தக் கட்டுரை சொல்ல வருவதில் பாதி அந்த ஓர் எண்ணிலேயே இருக்கிறது.

ஒருவேளை கதவு இருந்தாலும் பயன் இருக்காது. 7.4-இன் ஓப்கோடு 8.3-க்குப் புரியாது. கட்டளைகளின் பட்டியலும் அவை நினைவகத்தில் அடுக்கப்படும் விதமும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அதனால்தான் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஓர் ஏபிஐ எண் (உள்ளமைப்பைக் குறிக்கும் எண்) உண்டு: 7.4-க்கு 20190902, 8.3-க்கு 20230831. துணைநிரல்கள் இருக்கும் ஃபோல்டர்களின் பெயரே அந்த எண்தான். ஒன்றின் ஓப்கேச் கோப்பை மற்றதில் ஏற்றப் பார்த்தால், எண் பொருந்தவில்லை என்று சொல்லி ஏற்ற மறுத்துவிடும்.

இவ்வளவு சுத்தமாகப் பிரிந்திருக்கும்போது இந்தக் கேள்வி ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? பழைய அனுபவம்தான் காரணம் என்பது என் ஊகம். 2004-இல் பிஎச்பி 5 வந்தபோது, ஹோஸ்டிங் நிறுவனங்கள் 4-ஐ விட்டு நகரவே இல்லை. 2007-இல் பல திறமூலத் திட்டங்கள் சேர்ந்து 'கோபிஎச்பி5' என்று ஓர் இயக்கமே நடத்தி, 2008 பிப்ரவரி 5-க்குப் பிறகு 5.2-க்குக் கீழே ஆதரவில்லை என்று கெடு வைத்தன. அந்த இடைக்காலம் முழுக்க இரண்டையும் ஒரே சர்வரில் ஓட்ட வேண்டியிருந்தது. அப்போது பிஎச்பி அப்பாச்சிக்குள்ளேயே ஒரு மாட்யூலாக ஓடியது. ஒரே அப்பாச்சிக்குள் இரண்டு பிஎச்பி மாட்யூல்கள் ஒத்துப்போகாது. ஆக ஒன்று மாட்யூலாக, இன்னொன்று, பிஎச்பியைத் தனி ப்ராசஸாக ஓட்டும் சிஜிஐ அல்லது ஃபாஸ்ட்சிஜிஐ வழியாக என்று ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். கேச் பிஎச்பியோடு வரவில்லை. ஏபிசி, இ-ஆக்சிலரேட்டர், எக்ஸ்கேச் என்று வெளியிலிருந்து எடுத்து மாட்டினார்கள். இ-ஆக்சிலரேட்டர் நினைவகத்தோடு நிற்காமல் வட்டிலும் எழுதும். அந்தக் கேச் ஃபோல்டரைப் பதிப்புக்கு ஒன்றாகப் பிரித்து வைப்பது அன்றைய நிர்வாகிகளின் கைப்பழக்கம். அந்தப் பழக்கம் இன்றைய வழிகாட்டிகளிலும் காரணம் மறந்துபோய்த் தொடர்கிறது. (இ-ஆக்சிலரேட்டருக்கு மூலமான டர்க் எம்எம்கேச்சை எழுதிய திமித்ரி ஸ்டோகோவ்தான் பின்னால் ஜெண்ட் நிறுவனத்தில் சேர்ந்து ஓப்கேசின் முக்கிய நிரலாளர் ஆனார். ஒரே ஆள் இரண்டு தலைமுறை கேச்சைக் கட்டியிருக்கிறார்.)

அந்தக் காலத்தில் எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. எம்ஒடி-எஃப்சிஜிஐடி என்ற அப்பாச்சி மாட்யூல் ஒவ்வொரு பிஎச்பி ப்ராசஸையும் தனித்தனியாகத் தொடங்கும். பொதுவான தாய் இல்லாததால் ஏபிசி ஒவ்வொரு ப்ராசஸுக்கும் ஒரு முழுக் கேச்சை ஒதுக்கிக்கொள்ளும். இருபது ப்ராசஸ் என்றால் இருபது கேச், இருபதிலும் அதே கோப்புகள். 2010-இல் 5.3.3-இல் எஃப்பிஎம் பிஎச்பிக்குள் வந்து, ஒரு மாஸ்டரின் கீழ் எல்லோரும் என்ற ஏற்பாடு நிலைத்த பிறகுதான் இந்தக் கூத்து ஓய்ந்தது.

இப்போது பூல் விஷயத்துக்கு வருவோம். இரண்டு பதிப்புகளும் தனிக்குடித்தனம். ஒரே பதிப்பின் பூல்கள் கூட்டுக்குடும்பம், அறைகள் வேறு, அடுப்படி ஒன்று. ஒவ்வொரு பூலுக்கும் தனிப் பயனர் பெயர், தனி சாக்கெட், தனி வொர்க்கர் எண்ணிக்கை எல்லாம் கொடுக்க முடியும். கேச் மட்டும் பொது. பூல் கோப்பில் இந்தப் பூலுக்கு ஓப்கேச் 64 எம்பி என்று எழுதினாலும் அது செல்லாது, ஏனென்றால் பூல் அமைப்புகள் வொர்க்கர் பிறந்த பிறகு பொருந்துபவை, நினைவகமோ அதற்கு முன்பே மாஸ்டரால் வாங்கப்பட்டுவிட்டது. பூல் அளவில் ஓப்கேச்சை அணைக்கலாம், கோப்பு மாறியதா என்று எத்தனை நொடிக்கு ஒருமுறை பார்ப்பது என்று மாற்றலாம். அளவைத் தொட முடியாது.

இதில் முதல் சிக்கல் பாதுகாப்பு. ஒரு வாடிக்கையாளரின் வேர்ட்பிரஸ் அமைப்புக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கிறது. பக்கத்து வாடிக்கையாளரின் பயனருக்கு அந்தக் கோப்பைப் படிக்க அனுமதி இல்லை. கோப்பு உரிமைகள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் கோப்பு ஏற்கெனவே கேசில் இருந்தால், கேட்கிறவருக்கு உரிமை உண்டா என்று பார்க்காமலே ஓப்கேச் எடுத்துக் கொடுத்துவிடக்கூடும். இதைத் தடுக்க 7.0.14-இல் இரண்டு அமைப்புகள் வந்தன: ஒன்று கேசிலிருந்து கொடுக்கும் முன் அனுமதியைச் சரிபார்ப்பது, இன்னொன்று சிஎச்ரூட் (ப்ராசஸுக்கு ஒரு ஃபோல்டரையே வேராகக் காட்டுவது) சூழல்களில் ஒரே பாதை கொண்ட வெவ்வேறு கோப்புகள் குழம்பாமல் பார்த்துக்கொள்வது. இரண்டும் இயல்பாக அணைந்தே இருக்கும். பலரோடு பகிரும் சர்வரில் முதலாவதை இயக்காமல் விடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தோன்றவில்லை. அதோடு, ஓப்கேச் நிலவரம் காட்டும் செயல்கூறை எந்தத் தளத்திலிருந்து கூப்பிட்டாலும் அந்த மாஸ்டரின் கீழ் உள்ள எல்லாத் தளங்களின் கோப்புப் பாதைகளும் வரிசையாக வரும். குறிப்பிட்ட ஃபோல்டரில் உள்ள நிரல்கள் மட்டுமே அதைக் கூப்பிடலாம் என்று கட்டுப்படுத்த வழி உண்டு, செய்கிறவர்கள் குறைவு.

இரண்டாவது சிக்கல் இடம். கேச் என்றதும், நிரம்பினால் நெடுநாள் தொடாததைக் கழித்துவிட்டுப் புதியதற்கு இடம் கொடுக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஓப்கேச் அப்படிச் செய்யாது. ஒரு கோப்பு மாறினால் புதிய பிரதியை வேறு இடத்தில் வைக்கும். பழைய பிரதி இருந்த இடம் வீண் கணக்கில் சேரும். நினைவகம் தீர்ந்த நேரத்தில் அந்த வீண் 5 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் முழுக் கேச்சையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். தாண்டவில்லையென்றால் புதிய கோப்புகள் கேசில் ஏறாமலே ஓடும். ஆகவே ஒரு வாடிக்கையாளர் நள்ளிரவில் பத்துப் பிளகின்களை அப்டேட் செய்தால் அதன் விளைவாக மற்ற ஒன்பது பேரின் தளங்களும் கேச் இழந்து, காலையில் எல்லாம் ஒரே நேரத்தில் மொழிமாற்றத் தொடங்கி சிபியு முட்டிக்கொண்டு நிற்கலாம். நிலவர அறிக்கையில் நினைவகம் தீர்ந்ததால் நடந்த மறுதொடக்கங்களுக்கென்று தனி எண்ணிக்கை இருக்கிறது. அது பூஜ்யமாக இல்லையென்றால் அளவு போதவில்லை என்று பொருள். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு: 10000 என்று போட்டிருந்தால் உண்மையில் ஒதுக்கப்படுவது 16229, ஏனென்றால் குறிப்பிட்ட சில பகா எண்களில் அடுத்ததை அது எடுத்துக்கொள்கிறது. சின்ன வேர்ட்பிரஸ் தளங்கள் பத்து இருந்தாலே இந்த எண்ணைத் தொட்டுவிடலாம்.

மூன்றாவது ஏபிசியு. பழைய ஏபிசியிலிருந்து ஓப்கோடு பகுதியைக் கழற்றிவிட்டு, நிரல்கள் தம் சொந்தத் தரவை வைத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது இது. இதன் நினைவகத்தையும் மாஸ்டர்தான் வாங்குகிறது. இயல்பு 32 எம்பி. ஓப்கேசில் கோப்பின் முழுப் பாதைதான் அடையாளம் என்பதால் இரண்டு தளங்களின் கோப்புகள் மோதாது. ஏபிசியுவில் அடையாளத்தை நிரல் எழுதுகிறவர் வைக்கிறார். ஒரே கட்டமைப்பில், ஒரே முன்னொட்டோடு இரண்டு தளங்கள் ஒரு மாஸ்டரின் கீழ் இருந்தால் ஒருவரின் அமைப்புகளை மற்றவர் படிப்பார். அ கடையின் தலைப்பு ஆ கடையில் தெரிகிறது என்ற வகைப் புகார்கள் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 7.4-இல் வந்த முன்கூட்டியே ஏற்றும் (ப்ரீலோடு) வசதியும் இப்படித்தான்: மாஸ்டர் தொடங்கும்போதே ஒரு தளத்தின் வகுப்புகளை ஏற்றி வைத்தால், அவை அதன் கீழ் உள்ள எல்லாப் பூல்களுக்கும் ஏறிவிடும்.

ஒரே பதிப்புக்குள் உண்மையிலேயே தனிக் கேச் வேண்டுமென்றால் செய்ய வேண்டியது இன்னொரு மாஸ்டரை எழுப்புவது. 8.3 எஃப்பிஎம்மின் சிஸ்டம்டி சேவைக் கோப்பை வேறு பெயரில் நகலெடுத்து, வேறு எஃப்பிஎம் அமைப்புக் கோப்பையும் வேறு ஐஎன்ஐ-யையும் (பிஎச்பியின் அமைப்புக் கோப்பு) காட்டி, பிஐடி கோப்பையும் (ப்ராசஸ் எண் எழுதப்படும் கோப்பு) சாக்கெட்டையும் மாற்றினால் முடிந்தது. பைனரி அதேதான், கேச் தனி, ஏபிசியு தனி, ரீலோடு தனி. முக்கியமான ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் இப்படிச் செய்வது நல்ல பழக்கம். நூறு தளங்களுக்கு நூறு மாஸ்டர் என்று போனால் பழைய எஃப்சிஜிஐடி காலத்து வீணடிப்புக்கே திரும்பிவிடுவோம், அந்த அளவுக்குப் போகிறவர்கள் கன்டெய்னர் (ஒவ்வொன்றும் தனி அடைப்பாக ஓடும் சூழல்) பக்கம் போய்விடுவதே மேல். கன்டெய்னர் ஒன்றுக்கு ஒரு மாஸ்டர் என்பதால் அங்கேயும் கணக்கு இதேதான்.

நினைவகச் செலவு? இரண்டு பதிப்புக்கு 128 வீதம் 256 எம்பி போய்விடுமே என்று 2 ஜிபி வைத்திருப்பவர்கள் கவலைப்படுவது புரிகிறது. ஆனால் அந்தத் துண்டில் தொட்ட பக்கங்களுக்குத்தான் லினக்ஸ் உண்மையான நினைவகம் ஒதுக்கும். 7.4-இல் ஒரே ஒரு சின்ன பில்லிங் மென்பொருள் ஓடி அது 20 எம்பி மட்டும் நிரப்பினால், செலவு கிட்டத்தட்ட அவ்வளவுதான். டாப் கட்டளையில் ஒவ்வொரு வொர்க்கருக்கும் எதிரே காட்டும் ரெஸ் எண்ணைக் கூட்டிப் பார்த்துப் பயப்படுவதும் வீண். பகிர்வு நினைவகம் ஒவ்வொருவர் கணக்கிலும் திரும்பத் திரும்ப ஏறியிருக்கும். உண்மையில் விழுங்குவது வொர்க்கர்களின் சொந்த நினைவகம். ஆகவே எப்போதாவது கூப்பிடப்படும் பழைய பதிப்பின் பூலைத் தேவைக்கேற்ப எழும் ஆன்டிமாண்டு முறைக்கு மாற்றிவிடலாம். வேலை இல்லாமல் 10 நொடி போனால் வொர்க்கர் செத்துவிடும். மாஸ்டர் உயிரோடு இருப்பதால் கேச் அப்படியே இருக்கும். அடுத்த முறை பிறக்கிற வொர்க்கருக்குச் சூடான கேச் காத்திருக்கும்.

இனி இரண்டு பதிப்புகளுக்கு இடையே உண்மையிலேயே கலக்கும் இடங்கள். எல்லாமே ப்ராசஸுக்கு வெளியே இருப்பவை, அதாவது வட்டிலும், ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்திலும்.

ஒரு தளத்தை 7.4-இலிருந்து 8.3-க்கு மாற்றும்போது கொஞ்ச நாள் இரண்டிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். அதே நிரல் ஃபோல்டர், முகப்பு மட்டும் வேறு. ஓப்கேச் பற்றிக் கவலையில்லை. அதே கோப்பை இரண்டு மாஸ்டரும் தனித்தனியாக மொழிமாற்றித் தம்தம் இடத்தில் வைத்துக்கொள்ளும். ஆனால் சிம்ஃபொனி, லாராவெல், ஸ்மார்ட்டி போன்ற பிஎச்பி கருவிகள் வார்ப்புருக்களையும் அமைப்புகளையும் பிஎச்பி நிரலாகவே உருவாக்கி வட்டில் ஒரு கேச் ஃபோல்டரில் எழுதிவைக்கின்றன. 8.3-இன் கீழ் உருவான கோப்பில் 8-இல்தான் வந்த இலக்கணம் இருந்தால் 7.4 அதைத் திறந்ததும் இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். முதலில் யார் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது. தேடுகிறவர் ஓப்கேச்சைத் துடைத்துப் பார்ப்பார், ஒன்றும் மாறாது. அந்தக் கேச் ஃபோல்டரின் பாதையில் பிஎச்பி பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுவதுதான் மருந்து.

பயனரின் லாகின், கூடை போன்றவற்றை நினைவில் வைக்கும் செஷன் கோப்புகள் இன்னும் நுட்பமானவை. டெபியன், உபுண்டுவில் எல்லாப் பதிப்புகளும் ஒரே செஷன் ஃபோல்டரையே இயல்பாகப் பயன்படுத்துகின்றன. ஒரே தளப்பெயர், ஒரே குக்கி என்றால் 8.3 எழுதிய செஷனை 7.4 படிக்கும். பெரும்பாலும் சிக்கல் இருக்காது, எண்களும் எழுத்துச்சரங்களும் ஒரே மாதிரிதான் எழுதப்படுகின்றன. ஆனால் 8.1-இல் எனம் (enum) என்ற புதிய வகை வந்தது; முன்பே வரையறுத்த சில மதிப்புகளில் ஒன்றை மட்டும் அது ஏற்கும். அதைச் சேமிக்கும்போது தொடக்கத்தில் பெரிய இ (E) எழுத்தும் ஒரு முக்காற்புள்ளியும் இடுவார்கள். அந்த அடையாளம் 7.4-க்குத் தெரியாது. ஆர்டரின் நிலையை எனமாக வைத்திருக்கும் புதிய நிரல் அதைச் செஷனில் போட்டுவிட்டது என்று வையுங்கள். பயனர் அடுத்ததாகத் தொடும் பக்கம் இன்னும் 7.4-இல் ஓடுகிறது. செஷனைப் பிரிக்க முடியவில்லை, செஷன் அழிக்கப்பட்டது என்று பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை விழும். பிரிக்க முடியாத செஷனை பிஎச்பி ஒதுக்கி வைப்பதில்லை, அழித்தேவிடும். பயனர் லாக்-அவுட் ஆகி, கூடையில் போட்ட பொருள்களும் போய்விடும். ரெடிஸில் பொருள்களைச் சேமித்தாலும் இதே கதைதான்; அங்கே செஷனுக்குப் பதில் தரவு கிடைக்காமல் போகும். மாற்றக் காலத்தில் பதிப்புக்கு ஒரு முன்னொட்டு வைப்பது, அல்லது பொருள்களுக்குப் பதில் ஜேசன் என்ற எளிய உரை வடிவில் சேமிப்பது என்று இரண்டு வழி உண்டு. எனக்கு இரண்டாவது பிடிக்கும், ஏனென்றால் அடுத்த பதிப்பு மாற்றத்தின்போதும் அது கைகொடுக்கும்.

ஓப்கேசுக்கே வட்டுப் பக்கம் ஒன்று உண்டு. 7.0 முதல் ஓப்கோடைக் கோப்பாகவும் எழுதி வைக்கலாம், மறுதொடக்கத்துக்குப் பிறகு சீக்கிரம் சூடேற அது உதவும். இரண்டு பதிப்புகளுக்கும் ஒரே ஃபோல்டரைக் காட்டினாலும் மோதாது: பதிப்பையும் கட்டமைப்பு விவரங்களையும் வைத்துக் கணக்கிட்ட ஓர் அடையாளத்தைப் பெயராகக் கொண்ட துணை ஃபோல்டருக்குள்தான் ஒவ்வொன்றும் எழுதும். பைத்தான் இதையே வெளிப்படையாகச் செய்தது. முன்பு இரண்டு பைத்தான் பதிப்புகள் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தினால் ஒன்று எழுதிய பிஒய்சி (மொழிமாற்றிய நிரல்) கோப்பை மற்றது அழித்து எழுதும். டெபியனும் உபுண்டுவும் அதற்காகப் பதிப்புவாரியாக இணைப்புக் கோப்புகளை அடுக்கிவைத்துச் சமாளித்தன. பேரி வார்சா எழுதிய பெப் 3147 என்ற முன்மொழிவு வழியாக 2011-இல் 3.2 வந்தபோது, தனிக் கேச் ஃபோல்டரும் கோப்புப் பெயரிலேயே பதிப்பு எண்ணும் வந்துவிட்டன. கண்ணால் பார்த்தாலே எது யாருடையது என்று தெரியும். பிஎச்பியின் அடையாளமோ நீண்ட எழுத்துக் குவியல். 8.3-இல் ஒரு சின்னத் திருத்தப் பதிப்பு ஏற்றினாலும் புதிய அடையாளம், புதிய ஃபோல்டர். பழையது வட்டில் அப்படியே கிடக்கும், யாரும் துடைக்க மாட்டார்கள். அந்த ஃபோல்டரில் எழுத உரிமை பெற்ற ஒருவர் நிரலைத் தொடாமலே ஓப்கோடை மாற்றித் தளத்தைக் கைப்பற்றலாம் என்பதும் 2016-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டிய ஒன்று. நிரல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு எழுதும் உரிமையைக் கவனமாகப் பூட்டிவிட்டு இதைத் திறந்து போடக் கூடாது.

கட்டளை வரிக்கு வந்தால் இன்னொரு குழப்பம். புதிய பதிப்பை நிறுவியதும் வெறும் பிஎச்பி என்ற கட்டளை தானாக உயர்ந்த பதிப்பைச் சுட்டத் தொடங்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஐந்து வருடமாக ஓடிய பில்லிங் வேலை, யாரும் தொடாமலே ஓர் இரவில் 8.3-க்கு மாறியிருக்கும், வலைப்பக்கம் 7.4-இல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். கிரான் வரிகளில் எண்ணோடு கூடிய முழுப் பெயரை எழுதிவிடுவதே நல்லது. தொகுப்புகளை நிறுவும்போதும் அப்படித்தான், எண் இல்லாமல் எம்பிஸ்ட்ரிங் துணைநிரலைக் கேட்டால் இயல்புப் பதிப்புக்குத்தான் வரும், பழையதற்கு வராது. புதிய நிரலை ஏற்றிய பிறகு கட்டளை வரியில் ஓப்கேச்சைத் துடைக்கும் செயல்கூறை ஓட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கட்டளை எஃப்பிஎம் மாஸ்டரின் பிள்ளை இல்லை; தளத்தின் கேச் அதற்குத் தெரியவே தெரியாது. துடைக்க வேண்டுமென்றால் அந்தந்தச் சாக்கெட் வழியே சொல்ல வேண்டும், அல்லது சேவையை ரீலோடு செய்ய வேண்டும். ரீலோடில் மாஸ்டர் தன்னையே புதிதாக எழுப்பிக்கொள்வதால் கேச் புதிதாகத் தொடங்கும். இரண்டு பதிப்பிலும் அதே நிரல் ஓடுகிறதென்றால் இரண்டையும் ரீலோடு செய்ய வேண்டும். ஒன்றை மறந்தால் பாதிப் பேருக்குப் பழைய பக்கம் தெரியும்.

கேச் தனி என்பதால் 7.4 தனித் தீவு ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். திருத்தம் நின்றுபோன பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தால் உள்ளே வருகிறவர் அந்தப் பூலின் பயனராக வருகிறார். அதே பயனர் பெயரில் 8.3 தளமும் ஓடினால் அதன் கோப்புகளும் அவர் கையில். டெபியன் 11 தன் நீண்டகால ஆதரவில் 7.4-க்குத் திருத்தங்களைத் தன்னளவில் பின்னுக்கு எடுத்துத் தந்தது. கிளவுட்லினக்ஸ் காசுக்குத் தருகிறது. இரண்டும் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் பழைய பூலுக்குத் தனிப் பயனராவது கொடுக்க வேண்டும்.

கடைசித் தளமும் 8.3-க்கு நகர்ந்த பிறகு 7.4-ஐ எடுக்கும்போது, தொகுப்பை நீக்கினால் சேவையும் ஓப்கேசும் ஏபிசியுவும் உடனே போய்விடும். அவை மாஸ்டரோடு பிறந்தவை, மாஸ்டரோடு போகும். எஞ்சி நிற்பவை வட்டில்: ஓப்கேச் கோப்பு ஃபோல்டரில் பழைய அடையாளங்கள், பதிப்பு எண் சேர்த்த வார்ப்புருக் கேச், வெறுமே நீக்கியதால் தங்கிவிட்ட அமைப்புக் கோப்புகள், ரெடிஸில் பழைய முன்னொட்டோடு காலாவதி வைக்காத சாவிகள், இல்லாத பைனரியைக் கூப்பிட்டு தினமும் அஞ்சலில் பிழை அனுப்பும் கிரான் வரிகள்.